லைட் எரியுது, வண்டி எடுக்கல

"லைட் எரியுதுண்ணே, ஹார்ன் அடிக்குது, ஏசி ஃபேன்கூடச் சுத்துது. வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது."

"செல்ஃப் அடிக்குதா சார், இல்ல சத்தமே இல்லையா?"

பள்ளிக்கும் ஆபீசுக்கும் கிளம்பும் நேரத்தில், ஏதாவது ஒரு தெருவிலிருந்து ஏதாவது ஒரு மெக்கானிக்குக்கு இந்த அழைப்பு போய்க்கொண்டேதான் இருக்கிறது. போன் வசதி இல்லாத அம்பாசடர் காலத்தில் சைக்கிளில் பையனை அனுப்பி மெக்கானிக்கைக் கூட்டி வந்தார்கள். பானெட்டைத் தூக்குவதற்கு முன்பு அவர் கேட்டதும் இதே கேள்விதான். வண்டிக்காரரின் புலம்பலும் மாறவில்லை, மெக்கானிக்கின் கேள்வியும் மாறவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வண்டிதான் வேறு வண்டியாகிவிட்டது.

அந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். செல்ஃப் மோட்டார் சுற்றவில்லை என்றால் கோளாறு பேட்டரிக்கும் மோட்டாருக்கும் இடையில் இருக்கிறது. பெட்ரோலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மோட்டார் சுற்றி, இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியைப் பெரும்பாலும் விட்டுவிட்டு நெருப்பையும் எரிபொருளையும் தேட வேண்டும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு கேடிலாக் காரில் வந்ததிலிருந்து இந்த இரண்டு கிளைகளும் இப்படியேதான் பிரிகின்றன. நம் ஊரில் அந்த மோட்டாரோடு சேர்ந்து நினைவுக்கு வரும் பெயர் லூகாஸ் டி.வி.எஸ். 1961-இல் தொடங்கி, சென்னை பாடியிலிருந்து செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் பின்னாளில் ஆல்டர்னேட்டரும் செய்து அனுப்பிய நிறுவனம். பழைய எலக்ட்ரீஷியன்கள் கம்பெனிப் பெயரைச் சுருக்கி, "லூகாஸ் செல்ஃபா?" என்றுதான் கேட்பார்கள்.

அன்றும் இன்றும் வண்டிக்காரரை ஏமாற்றுவது ஒரே விஷயம்தான்: லைட் எரிகிறது, ஆகவே கரண்ட் இருக்கிறது என்ற நம்பிக்கை. கரண்ட் இருப்பது உண்மை. எவ்வளவு இருக்கிறது, கேட்ட இடத்துக்குப் போய்ச் சேருகிறதா என்பதே பிரச்சினை. இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஒரு சின்ன பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டார் 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பொடிக்கும் பச்சைக் களிம்புக்கும் நடுவே 0.05 ஓம் தடை உருவாகியிருக்கிறது என்று வையுங்கள். கேட்டால் ஒன்றுமில்லாத அளவு. ஹெட்லைட் போட்டால் அங்கே அரை வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் இழப்பு. விளக்கு பளிச்சென்றே எரியும். அதே இடத்தில் செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்க முயன்றால் 7.5 வோல்ட் அந்தக் களிம்பிலேயே போய்விடும். அடைத்துக்கொண்ட குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடிக்கலாம், தீயணைப்பு வண்டியை நிரப்ப முடியாது. அந்தக் கணக்குதான் இது.

இதைக் கண்டுபிடிக்க அந்தக் காலத்து ஆட்களிடம் மீட்டர் இருந்ததில்லை. சுவர் இருந்தது. வண்டியைச் சுவரைப் பார்க்க நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டு, ஒருவர் சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் செல்ஃப் கொடுப்பார். வெளிச்சம் அப்படியே செத்துப்போனால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் கடிக்கவில்லை. வெளிச்சம் ஓரளவு மங்கி, 'டொக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டால் கரண்ட் மோட்டார் வரை போகிறது, கோளாறு பெரும்பாலும் மோட்டாரில்தான். வெளிச்சம் இம்மிகூட அசையவில்லை, சத்தமும் இல்லை என்றால் மோட்டாருக்குக் கட்டளையே போகவில்லை. சுவிட்ச், மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சோலனாய்டு, அதற்குப் போகும் சின்ன ஒயர், இந்த மூன்றில் ஒன்று. ஒரு ரூபாய் செலவில்லாமல் மூன்று கிளைகளைப் பிரித்துத் தரும் சோதனை. இன்றைய கார்களிலும் இது செல்லும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். சுவர் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரூஃப் லைட்டைப் பார்த்தாலும் போதும்.

அடுத்தது கை வைத்தியம். டெர்மினலைக் கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாசலின் தடவி மாட்டுவார்கள். செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் ஸ்பேனரின் பின்பக்கத்தால் மோட்டாரின் உடம்பில் இரண்டு தட்டு. பிரஷ் இடம் மாறி உட்கார்ந்து ஒரு முறை சுற்றிவிடும், அந்த ஒரு முறையில் வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். பழைய லூகாஸ் மோட்டாரில் இன்னொரு வழக்கமான சிக்கல் இருந்தது. மோட்டார் சுற்றும் வேகத்தில் பல்சக்கரம் தானே முன்னால் ஓடிப்போய் ஃப்ளைவீலைப் பிடிக்கும் அமைப்பு அது. சில நேரம் பிடித்தது பிடித்தபடியே மாட்டிக்கொள்ளும். அப்போது டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். 'டிக்' என்று விடுபடும். அதற்கும் மசியவில்லை என்றால் மோட்டாரின் பின்முனையில், ஒரு சின்ன மூடிக்கு அடியில், சதுரமாகச் செதுக்கிய தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்பேனர் போட்டு அதைத் திருகினால் பல் கழன்றுவிடும். இந்தக் கோளாறு வரும், வந்தால் ரோட்டோரத்தில் நிற்பவனுக்கு ஒரு வழி வேண்டும் என்று மோட்டாரை வடிவமைத்தவரே யோசித்து வைத்திருக்கிறார். எனக்கு அந்தச் சதுரத் தண்டின் மீது பெரிய மரியாதை உண்டு.

எதுவுமே நடக்காவிட்டால் டிக்கியில் ஹேண்டில் இருந்தது. முன்பம்பரில் உள்ள ஓட்டையில் நுழைத்து, கட்டைவிரலை மடக்காமல் மற்ற விரல்களோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். இன்ஜின் திருப்பி உதைத்தால் கட்டைவிரல் முறியும் என்று பெரியவர்கள் எச்சரித்தே ஹேண்டிலைக் கையில் கொடுத்தார்கள். இல்லையென்றால் நாலு பேர் தள்ளுவது, இரண்டாவது கியரில் கிளட்சை விடுவது. பிளக்குக்குப் பொறி தரும் காயிலுக்குச் சில ஆம்பியர் கிடைத்தால் போதும், இன்ஜின் எழுந்துவிடும். அந்த வண்டியில் செல்ஃப் ஒரு வசதி மட்டுமே. செல்ஃப் இல்லாமலும் வண்டிக்கு உயிர் கொடுக்கலாம்.

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் இரண்டாவது கிளை. முதல் பிளக்கின் ஒயரைக் கழற்றி, முனையை இன்ஜின் இரும்புக்கு ஒரு சிறு இடைவெளியில் பிடித்துச் செல்ஃப் கொடுக்கச் சொல்வார்கள். நீலமாக 'பட் பட்' என்று பொறி தாவினால் நெருப்பு சரி. மஞ்சளாக, சோம்பலாக வந்தால் கண்டென்சரோ காயிலோ பலவீனம். வரவே இல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்ட்டைப் பார்க்க வேண்டும். இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள், இன்ஜின் சுற்றச் சுற்ற ஒட்டியும் பிரிந்தும் காயிலுக்குப் போகும் கரண்ட்டை அறுக்கும். அறுபடும் ஒவ்வொரு முறையும் காயிலில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். அந்தப் புள்ளிகள் கருகினாலோ இடைவெளி கெட்டுப்போனாலோ வண்டி படுத்துவிடும். உப்புத்தாளை மடித்து உள்ளே விட்டு இழுத்துச் சுத்தம் செய்து, 0.4 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி வைக்க வேண்டும். ஃபீலர் கேஜ் இல்லாதவர்கள் சட்டைப்பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்து நுழைத்துப் பார்ப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடிக்குள் ஈரம் கோத்துவிடும். வேட்டி முனையால் துடைத்தாலே பாதி வண்டிகள் எடுத்துவிடும்.

பெட்ரோல் பக்கம் பார்ப்பது இன்னும் சுலபம். கார்புரேட்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, பம்பின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன நெம்புகோலைக் கையால் அடித்தால் பெட்ரோல் பீய்ச்சும். பீய்ச்சாவிட்டால் பம்பின் டயஃப்ரம் போயிருக்கிறது, அல்லது லைனில் குப்பை. சித்திரை வெயிலில் திண்டிவனம் தாண்டி நின்றுபோகும் பியட்டுகளுக்கு ஈரத்துணிதான் மருந்து. சூட்டில் பெட்ரோல் லைனுக்குள்ளேயே ஆவியாகி, பம்பு திரவத்தை இழுக்க முடியாமல் காற்றை மென்றுகொண்டிருக்கும். பம்பின் மேல் நனைத்த துணியைப் போட்டு, புளியமர நிழலில் ஒரு சோடா குடித்து முடிப்பதற்குள் சரியாகிவிடும்.

அந்தக் காலத்தை ஏக்கத்தோடு கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. பிரசவ வலி எடுத்த பெண்ணைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு நள்ளிரவில் ஹேண்டில் சுற்றிய குடும்பங்கள் உண்டு. ஊட்டியில் மார்கழிக் காலையில் சோக்கை இழுத்து இழுத்துப் பிளக்கை நனைத்து, பிளக்குகளைக் கழற்றி அடுப்பில் காயவைத்தவர்கள் உண்டு. நாலைந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை பாயிண்ட் பார்க்க வேண்டிய வண்டி நல்ல வண்டி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று சொல்வேன்: அந்த வண்டி எதையும் ஒளிக்கவில்லை. கோளாறு எங்கே இருந்தாலும் கண்ணுக்கோ காதுக்கோ விரலுக்கோ எட்டும் தூரத்தில் இருந்தது.

1983 டிசம்பரில் முதல் மாருதி 800 விற்பனைக்கு வந்தபோதே ஹேண்டிலுக்கு விடைகொடுத்தாகிவிட்டது. கார்புரேட்டர் அதில் இருந்தது. அதுவும் போனது புகைக் கட்டுப்பாட்டினால். 2000 வாக்கில் கார்புரேட்டரைத் தூக்கிவிட்டு கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் முறையைச் சொல்லும் எம்.பி.எஃப்.ஐ. என்ற எழுத்துகளைப் பின்கண்ணாடியில் பெருமையாக ஒட்டிக்கொண்டு வண்டிகள் வந்தன. 2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களுக்கும், 2017-இல் நாடு முழுவதற்கும் பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதி கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரை மாட்டிக் கோளாறு பார்க்கும், 16 பின்கள் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் எல்லா வண்டியிலும் உட்கார்ந்தது. 2020-இல் பாரத் ஸ்டேஜ் 6. டிஸ்ட்ரிபியூட்டர் போய்விட்டது, பாயிண்ட் போய்விட்டது. பெட்ரோல் பம்பு டேங்குக்குள் மூழ்கிவிட்டது. சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடிக்கு 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கும் பாருங்கள், அதுதான் பம்பு லைனில் அழுத்தத்தை ஏற்றும் சத்தம். அந்த முனகல் கேட்கவில்லை என்றால் ஃபியூஸையும் ரிலேயையும் பார்க்க வேண்டும். ஒரே மாதிரி ரிலே என்றால் ஹார்ன் ரிலேயைக் கழற்றி பம்பு ரிலே இருக்கும் இடத்தில் போட்டுப் பார்ப்பது, இன்று விவரம் தெரிந்தவர்கள் செய்யும் வேலை. பானெட்டுக்குள் காது வைத்தவர்கள் இப்போது பின்சீட்டில் காது வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

இவையெல்லாம் உறுப்புகள் இடம் மாறிய கதை. பெரிய மாற்றம் வேறு. அன்று வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஏதோ ஒன்று கெட்டுப்போயிருந்தது. இன்று எதுவுமே கெடாமலும் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இருக்கலாம். அனுமதி கிடைத்தால்தான் செல்ஃப் சுற்றும்.

பட்டன் ஸ்டார்ட் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்தினால் செல்ஃப் மோட்டாருக்கு நேராகக் கரண்ட் போவதில்லை. ஒரு கம்ப்யூட்டர் கேள்வி கேட்கிறது. சாவி வண்டிக்குள் இருக்கிறதா? அது இந்த வண்டியின் சாவிதானா? ஸ்டீயரிங் பூட்டு விலகிவிட்டதா? பிரேக்கில், கியர் வண்டியென்றால் கிளட்சில், கால் இருக்கிறதா? ஆட்டோமேட்டிக் என்றால் லிவர் 'பி'யில் அல்லது 'என்'னில் நிற்கிறதா? எல்லாவற்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால்தான் ரிலே மூடும். இதில் பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச் செத்துப்போனால் போதும். டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரியும், பாட்டுப் பாடும், செல்ஃப் அடிக்காது. ஒருவரை வண்டிக்குப் பின்னால் நிற்கவைத்து பிரேக்கை மிதித்தால், பிரேக் லைட் எரியாததிலிருந்தே பல நேரம் குட்டு வெளிப்பட்டுவிடும். சாவிக்குள் இருக்கும் 3 வோல்ட் பொத்தான் செல் தீர்ந்தாலும் இதே கதைதான். அப்போது சாவியையே ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல வண்டிகள் எடுத்துக்கொள்ளும். கையேட்டில் இது அச்சாகியே இருக்கிறது. படித்தவர்கள் குறைவு, பேட்டரி மாற்றிப் பணம் கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

சாவியைத் திருகும் வண்டிகளிலும் இம்மொபிலைசர் உண்டு. சாவியின் தலைக்குள் அரிசியளவு சிப் ஒன்று இருக்கிறது, அதற்கு செல்லே கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் அனுப்பும் அலையிலேயே உயிர்பெற்று, தன் அடையாளத்தைச் சொல்லிவிட்டு அடங்கிவிடும். திருட்டைத் தடுக்க வந்த இந்த ஏற்பாட்டை ஐரோப்பிய நாடுகள் 1998 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கின. பிறகு உலகம் முழுக்கப் பரவியது. சாவிக்கடையில் வெட்டிய மாற்றுச்சாவி கதவைத் திறக்கும், சில வண்டிகளில் செல்ஃபும் அடிக்கும், இன்ஜின் ஒரு நொடி உறுமிவிட்டு அணையும். டேஷ்போர்டில் சாவி உருவமோ பூட்டு உருவமோ படபடவென்று சிமிட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சிமிட்டலைக் கவனிக்காமல் பிளக், பம்பு என்று கழற்றிக்கொண்டே போனால் நாள் முழுக்கத் தேடினாலும் கோளாறு கிடைக்காது. அங்கே கோளாறே இல்லை.

இரண்டாவது கிளையில், அதாவது செல்ஃப் அடித்தும் பிடிக்காத வண்டிகளில், இன்று முதலில் சந்தேகப்பட வேண்டியது கிராங்க் சென்சாரை. ஃப்ளைவீலுக்கு அருகிலோ முன்பக்க புல்லிக்கு அருகிலோ கட்டைவிரல் பருமனில் உட்கார்ந்திருக்கும். இன்ஜின் எந்த நிலையில், எந்த வேகத்தில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஒரே சாட்சி பல வண்டிகளில் அதுதான். சாட்சி வாயடைத்துவிட்டால், இன்ஜின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பொறியும் தராது, பெட்ரோலும் தராது. இதில் வம்பு என்னவென்றால் வயதான சென்சார் சூட்டில் மட்டும் செத்துப்போகும். கத்திப்பாரா நெரிசலில் வண்டி அணைந்துவிடும், எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் எடுக்காது. மெக்கானிக் வந்து சேர அரை மணி நேரம் ஆகும். அதற்குள் இன்ஜின் ஆறி, முதல் செல்ஃபிலேயே எடுத்துவிடும். "ஒண்ணுமில்ல சார், நல்லாத்தானே இருக்கு" என்று அவர் சொல்ல, அடுத்த வாரம் அதே கூத்து. ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது லைவ் டேட்டாவில் இன்ஜின் வேகத்தைப் பார்ப்பதுதான் இதற்குச் சரியான சோதனை. 200-ஐ ஒட்டி ஆர்.பி.எம். காட்ட வேண்டும். இன்ஜின் கண்ணெதிரே சுற்றிக்கொண்டிருக்க, திரையில் பூஜ்யம் என்று நின்றால் ஆள் பிடிபட்டுவிட்டார். பி0335 என்ற கோளாறுக் குறியீடும், அதாவது கோடும், பதிவாகியிருக்கலாம்.

கோடு வந்தவுடன் பாகத்தை மாற்றும் பழக்கம்தான் இன்றைய பெரிய நோய் என்று நான் நினைக்கிறேன். பி0335 என்றால் 'கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு' என்று அர்த்தம், 'சென்சாரை மாற்று' என்று அர்த்தமில்லை. சென்சாரும் இருக்கலாம், கனெக்டரில் துருவும் இருக்கலாம், எலி கடித்த ஒயராகவும் இருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவரின் கார் இப்படித்தான் படுத்தியது. சில நாள் செல்ஃப் இழுத்து இழுத்து அடிக்கும், சில நாள் எடுக்கவே எடுக்காது. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள். கோடுகள் வரிசையாக வந்து விழுந்தன. பாதிக்கு மேல் ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரோடு பேச முடியவில்லை என்ற புகார். இன்ஜின் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்று சொல்லி, கேட்டவர் தலையில் கைவைக்கும்படி ஒரு தொகையும் சொன்னார்கள். அவர் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு தெருமுனை எலக்ட்ரீஷியனிடம் போனார். அந்தப் பெரியவர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் வைத்தார், மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் அழுத்தினார், செல்ஃப் கொடுக்கச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டிய இடத்தில் முள் மூன்றைத் தாண்டியது. பாடிக்கும் இன்ஜினுக்கும் இடையில் போகும் எர்த் பட்டை, உறைக்குள் பச்சைபிடித்துப் பாதி இழைகள் அறுந்து கிடந்தது. செல்ஃப் அடித்த கணத்தில் கம்ப்யூட்டருக்குக் கிடைத்த வோல்டேஜ் தரைமட்டமாகி, அது மயக்கத்தில் கண்டதையும் பதிவு செய்திருக்கிறது. புதுப் பட்டை போட்டதோடு எல்லாக் கோடும் ஒழிந்தன.

சுவரில் ஹெட்லைட்டைப் பார்த்தவர்களின் அதே சோதனைதான் அவர் செய்தது; கண்ணுக்குப் பதில் மீட்டர். நிறைந்த பேட்டரி சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. இந்த இரண்டு எண்களைப் பார்க்காமல் ஸ்கேனரை நம்பக் கூடாது. ஸ்கேனர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிராங்க் சென்சாரைப் பிடிக்க எந்தச் சுவரும் உதவாது. எதற்குப் பிறகு எது என்ற வரிசைதான் முக்கியம்.

லைட் எரிந்தும் ஸ்டார்ட் செய்யவே கூடாத ஒரு சமயம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னைவாசிகள் இதைப் பெரும் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர் வடிந்ததும் சாவியைப் போட்டார்கள், டேஷ்போர்டு எரிந்தது, ஆசையில் செல்ஃபை அடித்தார்கள். சிலிண்டருக்குள் புகுந்திருந்த தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து முட்ட, கனெக்டிங் ராடு வளைந்தது. அம்பாசடர் மூழ்கினால் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஹேண்டிலால் சுற்றித் தண்ணீரைத் துப்பவைத்து, ஆயில் மாற்றி, டிஸ்ட்ரிபியூட்டரை உலர்த்தி, பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்து ஓட்டினார்கள். இன்றைய காரில் சீட்டுக்கு அடியிலும் கார்ப்பெட்டுக்கு அடியிலும் கம்ப்யூட்டர்களும் கனெக்டர்களும் இருக்கின்றன. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு வண்டியை ஏற்றிச் செல்வது ஒன்றுதான் வழி.

எலக்ட்ரிக் கார் வந்தபின் இந்தத் தலைவலி தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. 2020-இல் வந்த நெக்ஸான் ஈ.வி.யில் 30.2 கிலோவாட் மணி பேட்டரி. அது முழுக்க நிறைந்திருக்கும்போதே வண்டி அசையாமல் நிற்க முடியும். பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் கான்டாக்டர்களை மூடுவதும், கம்ப்யூட்டர்களை எழுப்புவதும், கதவைத் திறப்பதும் பானெட்டுக்குள் இருக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரியின் வேலை. அது இறங்கிவிட்டால் 300 வோல்ட்டுக்கு மேல் அடியில் இருந்தும் பயனில்லை. எலக்ட்ரிக் காரை டவுன் ஆன பேட்டரிக்காக ஜம்பர் கேபிள் போட்டு எழுப்புவதைப் பார்த்து ஆச்சரியப்படுபவர்களுக்கு மெக்கானிக்குகள் பொறுமையாக விளக்கம் சொல்கிறார்கள்.

அந்த மெக்கானிக்குகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அறிவு அவர்களிடம் இல்லை என்பதால் அல்ல. சென்னைப் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டுச் சந்துகளிலும் பத்தாவது படித்துவிட்டு வந்த பையன்கள், செல்போனில் புளூடூத் அடாப்டரை இணைத்து லைவ் டேட்டா படிப்பதை நான் பார்க்கிறேன். ஓ.பி.டி. சாக்கெட்டின் 6-ஆவது, 14-ஆவது பின்களுக்கிடையே 60 ஓம் காட்டினால் கம்ப்யூட்டர்களை இணைக்கும் கேன் லைன் நன்றாக இருக்கிறது என்பது அவர்களில் பலருக்கு மனப்பாடம். ஆனால் புதுச் சாவியைப் பதிவு செய்யவும், மாற்றிய மாட்யூலை வண்டிக்கு அறிமுகப்படுத்தவும் கம்பெனியின் மென்பொருளும் கடவுச்சொல்லும் வேண்டும். அது அவர்கள் கைக்கு வருவதில்லை. பாகத்தைச் சரியாகக் கண்டுபிடித்தும், வேலையை முடிக்க முடியாமல் வண்டியை டோ செய்து அனுப்ப வேண்டிய நிலை.

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் தொழில்நுட்பத் தகவல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்தது குற்றம் என்பது தீர்ப்பு. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென ஓர் இணையதளமும் தொடங்கியது. தாளில் திறந்த கதவு தெருவில் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-இலேயே வாக்களித்து, வெளி மெக்கானிக்குகளுக்கும் அதே தகவலைத் தர வேண்டும் என்று சட்டமாக்கிக்கொண்டார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வழிக் கார்கள் பலவற்றின் கையேட்டில் வண்டி முழுவதன் ஒயரிங் படமும் அச்சாகியிருக்கும். எந்த நிற ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று பென்சிலால் பின்தொடரலாம். இன்றைய கையேடுகளில் ஃபியூஸ் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள், மிச்சப் பக்கங்களில் ஸ்க்ரீனை எப்படித் துடைப்பது என்று சொல்கிறார்கள். செல்ஃப் ரிலே மூடுவதற்கு எந்தெந்த அனுமதி வேண்டும், அவை எந்தெந்த ஒயரில் வருகின்றன என்று ஒரு பக்கப் படம், வண்டி வாங்கியவருக்குப் பில்லோடு சேர்த்துக் கொடுக்கட்டும். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்து வரும் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தைப் படிக்கத் தெரியும்.